ஏசிக்கு அடியில் ஒரு வி நெக் ஸ்வெட்டர்

கழுத்தைப் பற்றி என்னிடம் கேளுங்கள், சொல்கிறேன். யாருக்கு எந்தக் கழுத்து எடுக்கும், எது எடுக்காது என்று ஆளைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன். சித்தூரில் எங்கள் தெருவில் யார் பிளவுஸ் தைக்கக் கொடுத்தாலும் டெய்லரிடம் போகும் முன் என்னிடம் வந்துவிட்டுத்தான் போவார்கள். அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு. அந்தத் திமிரால் ஒரு நல்ல மனுஷரைத் தலை குனிய வைத்தேன். அதைத்தான் சொல்ல வருகிறேன், என்னோடு வேலை பார்க்கிற கௌசிகா என்ற பெண்ணின் கதை மாதிரி ஆரம்பித்தாலும் இது என் வண்டவாளம்தான்.

என் பெயர் ஷோபா. திருப்பதியில் ஒரு கண் ஆஸ்பத்திரியின் பில் கவுண்டரில் பதினோரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். தினமும் சித்தூரிலிருந்து பஸ். வீட்டில் பேசுவது தமிழ், பள்ளிக்கூடத்தில் படித்தது தெலுங்கு. எந்த வார்த்தை எந்த பாஷை என்று யோசித்துப் பேசுகிற வழக்கமே எங்கள் பக்கத்தில் கிடையாது. வாய்க்கு எது முதலில் வருகிறதோ அதுதான்.

போன மார்கழியில் கௌசிகா வந்து சேர்ந்தாள். குடியாத்தத்துப் பெண். இருபத்து மூன்று வயது. பி.காம். படித்துவிட்டு, ஆஸ்பத்திரி வேலை, ஹாஸ்டல் வசதி என்று கேள்விப்பட்டு வந்தவள். தெலுங்கு ஒரு அட்சரம் தெரியாது. முதல் இரண்டு வாரம் மாடியில் ஃபைல் ரூமில் போட்டார்கள். அங்கே இருக்கிற மூன்று பேரும் தமிழ் பேசுகிறவர்கள், ஃபைல் நம்பரெல்லாம் இங்கிலீஷ். அதனால் தெலுங்கு இல்லாமலே அவளுக்குப் பொழுது போய்க்கொண்டிருந்தது.

மூன்றாவது வாரம் கீழே ஹாலில் ஒரு பில் கவுண்டர் காலியாயிற்று. திங்கட்கிழமையிலிருந்து நீ அங்கே உட்கார் என்று சொல்லிவிட்டார்கள். அந்த சீட்டுக்கு நேர் மேலேதான் ஏசி. காற்று பிடரியில் இறங்கும். அங்கே உட்கார்ந்த யாரும் ஸ்வெட்டர் இல்லாமல் ஒரு மணி நேரம் தாங்கியதில்லை. ஸ்வெட்டர் நீலக் கலரில் இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் ஆஸ்பத்திரி ரூல். கழுத்து அவரவர் இஷ்டம்.

இஷ்டம் என்று விட்டால் நான் விடுவேனா? சனிக்கிழமை சாயங்காலம் அவளை காந்தி ரோட்டில் சலீம் பாய் கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"வட்டக் கழுத்தே எடுத்துக்கிறேங்க்கா. மேல துப்பட்டா போட்டுக்கலாம்" என்றாள்.

"போட்டுக்கோ. ஸ்வெட்டர் மேல துப்பட்டாவ சுத்திக்கினு உக்காந்தா பல்லு வலிக்காரி மாதிரி இருப்ப. கண்ணு டாக்டரைப் பாக்க வந்த ஜனம் உன்னைப் பல்லு டாக்டர்கிட்ட போகச் சொல்லும்."

சலீம் பாய் சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள். ஆனாலும் கை துப்பட்டாவை விடவில்லை. கௌசிகாவுக்கு உருண்டை முகம், குட்டைக் கழுத்து, நல்ல அகலத் தோள். காலேஜில் "கழுத்தில்லாத கௌசி" என்று கூப்பிடுவார்களாம். அதைச் சொல்லும்போதுகூட அவள் தரையைத்தான் பார்த்தாள்.

வட்டக் கழுத்தைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். இருக்கிற கொஞ்சக் கழுத்தும் காணாமல் போனது. போட் நெக் என்று தோளோடு தோளாக ஓடுகிற ஒன்றைக் கொடுத்தார் பாய். தோள் இன்னும் ஒரு சாண் அகலமாகிவிட்டது. தாடை வரைக்கும் ஏறுகிற போலோ நெக்கை மாட்டிக்கொண்டு வந்தாள். ஆமை எட்டிப் பார்க்கிற மாதிரி இருந்தது. நான் வாய்விட்டே சொன்னேன்.

"வி நெக் குடுங்க பாய். ரொம்ப இறங்கக் கூடாது. கழுத்தெலும்புக்குக் கீழ ரெண்டு விரக்கட, அவ்வளவுதான்."

"ஷோபாம்மா சொன்னா அப்பீலே கிடையாது" என்று பாய் எடுத்துப் போட்டார்.

அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள் பாருங்கள், முகமே வேறு முகம். வி நெக்கில் அதுதான் விசேஷம். பார்க்கிறவர் கண்ணை அது கீழ்நோக்கி இழுக்கும், குட்டைக் கழுத்து ஒரு விரல் வளர்ந்த மாதிரி இருக்கும், கன்னத்து உருண்டையும் கொஞ்சம் அடங்கும். துப்பட்டா இல்லாமல் அவள் வெளியே வந்தது அதுவே முதல் தடவையாம்.

"நைனா பார்த்தா இன்னா சொல்வாரோ."

"உங்க நைனா குடியாத்தத்துல கீறாரு. நீ திருப்பதியில கீற. உள்ள குர்தா போட்டுக்கினு தானே இருக்க? இதுல இன்னா தெரியுது?"

அவள் ரொம்ப நேரம் கண்ணாடியையே பார்த்தாள். பிறகு மெதுவாக, "நல்லாத்தான் கீதுல்லக்கா?" என்றாள். அந்தக் கேள்வி என் மனசை என்னவோ செய்தது. இந்தப் பெண்ணுக்கு நான் ஒரு நல்லது செய்துவிட்டேன் என்று பஸ்ஸில் சித்தூர் வரைக்கும் நினைத்துக்கொண்டே போனேன்.

இனி கங்கையா. எங்கள் ஹாலில் டோக்கன் பார்த்து ஜனங்களைக் கவுண்டருக்கு அனுப்புகிற அட்டெண்டர். ஐம்பத்தெட்டு வயது, பீலேர் பக்கத்து ஆள், பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். தெலுங்கு மட்டும்தான். தமிழ்நாட்டு ஜனம் நிறைய வருகிற ஊர் என்பதால் நாலே நாலு தமிழ் வார்த்தை கற்று வைத்திருந்தார்: வாங்க, உக்காருங்க, இருங்க, போங்க. யாராவது தமிழ் என்று தெரிந்தால் போதும், அந்த நாலையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து விடுவார். அதில் அவருக்கு அத்தனை பெருமை. கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு தடுமாறுகிற கிழவிகளைக் கை பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைப்பார். பதினோரு வருஷத்தில் அவர் பேரில் ஒரு புகார் நான் கேட்டதில்லை.

திங்கட்கிழமை எங்கள் பஸ் லேட். நான் போய்ச் சேரும்போது பத்தரை. கௌசிகாவின் சீட் காலி. தேடிக்கொண்டு போனால் சாப்பாட்டு ரூம் மூலையில் குந்திக்கொண்டு விசும்புகிறாள். புது ஸ்வெட்டரை முன்பின்னாக மாற்றிப் போட்டிருக்கிறாள், வி முதுகுப் பக்கம்.

"இன்னாடி ஆச்சு?"

"அந்த டோக்கன் பெரியவருக்கா. நான் போய் உக்காந்ததும் வாங்க, இருங்கன்னு மரியாதையாத்தான் பேசினாரு. அப்புறம் எல்லார் எதிர்லயும் கைய இங்க காட்டி, மூடு, மூடுன்றாரு. ஒரு தபா இல்லக்கா, ஏழெட்டு தபா. அவரு சொல்ல சொல்ல ஜனமெல்லாம் திரும்பி என்னையே பாக்குது." நெஞ்சில் கை வைத்துக் காட்டினாள். "எனக்கு அப்படியே செத்துடலாம் போல இருந்துச்சு."

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. அவளுக்காகத்தான் கோபப்பட்டேன் என்று வெகுநாள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். நான் பார்த்து, நான் அளந்து, நான் எடுத்துக் கொடுத்த கழுத்தை ஒரு அட்டெண்டர் குறை சொல்வதா என்பதுதான் எனக்கு.

ஹாலுக்குப் போனேன். அறுபது எழுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். கங்கையா ஒரு அம்மாவின் டோக்கனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பிடித்துக்கொண்டேன், தெலுங்கில், ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி. வயசுப் பெண்ணைப் பார்த்து "கப்புகோ" என்கிறாயே, உன் மகள் வயசுதானே அவளுக்கு, நீ ஏன் அங்கே பார்த்தாய் என்று. கப்புகோ என்றால் தெலுங்கில் மூடிக்கொள் என்று அர்த்தம்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "நேனு கப்புகோமனி அனலேதம்மா" என்றார். நான் அப்படிச் சொல்லவே இல்லையம்மா என்று.

"அந்தப் பொண்ணு பொய் சொல்றாளா?" என்று கத்தினேன். கௌசிகாவைக் கூப்பிட்டேன். வந்து கதவோரம் நின்றாள், ஸ்வெட்டர் முன்பின்னாகவே. "சொன்னாரா இல்லியாடி?" என்று தமிழில் கேட்டேன். தலையை ஆட்டினாள்.

அவ்வளவுதான். பெஞ்சில் இருந்த பெண்கள் "சீ" என்றார்கள். ஒருத்தி தன் மகளை இழுத்து இந்தப் பக்கம் உட்கார வைத்துக்கொண்டாள். அவர் மறுபடியும் நான் சொல்லவில்லை, நான் சொல்லவில்லை என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துச் சொன்னார். மேனேஜர் வெளியே வந்தார். எதற்கு வம்பு என்று அன்று மத்தியானமே கங்கையாவை ஹாலிலிருந்து எடுத்து வெளி கேட்டில் போட்டுவிட்டார். வண்டிகளை நிறுத்தி விடுகிற வேலை. நிழல் கிடையாது.

மறுநாள் கௌசிகா சலீம் பாய் கடைக்குத் தானே போய், தாடை வரைக்கும் ஏறுகிற போலோ நெக்கை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஹாலுக்கு ஒரு புதுப் பெண்ணை டோக்கனுக்குப் போட்டார்கள். அவள் கவுண்டர் ஒன், கவுண்டர் டூ என்று இங்கிலீஷில்தான் கூப்பிடுவாள். நாங்களும் அப்படித்தான்.

இப்படி ஏழு வாரம் போனது. மாசி பிறந்து வெயில் ஏறியது. சாப்பாட்டுக்கு வெளியே போகும்போதுகூட கௌசிகா அந்தப் போலோ நெக்கைக் கழற்ற மாட்டாள். தாடைக்கு அடியில் வேர்க்குரு செக்கச் செவேலென்று இருக்கும். நானோ பஸ்ஸில் வருகிறவர்களிடமெல்லாம் என் வீரப் பிரதாபத்தைச் சொல்லிக்கொண்டு வந்தேன். ஒரு பெண்ணுக்கு ஒன்று என்றால் ஷோபா சும்மா இருக்க மாட்டாள் என்று பேர் வேறு.

ஒரு வெள்ளிக்கிழமை ஒரு வயசான அம்மா என் கவுண்டருக்கு வந்து சீட்டை நீட்டினாள். அது கௌசிகாவிடம் போக வேண்டிய சீட்டு. "த்ரீ" என்றேன். புரியவில்லை. "மூடோ கவுண்டர்" என்றேன். காது மந்தம். நான் எழுந்து நின்று, கையை கௌசிகா பக்கம் நீட்டி, "மூடு! மூடு!" என்று கத்தினேன்.

கௌசிகாவின் கை சட்டென்று கழுத்துக்குப் போனது. தாடை வரைக்கும் இருந்த ஸ்வெட்டரை இன்னும் மேலே இழுத்தாள். கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது.

"நீயுமாக்கா? கழுத்து வரைக்கும் மூடிக்கினு தானே கீறேன்? இன்னும் இன்னாத்தக்கா மூடறது?"

என் கை நீட்டினபடியே நின்றுவிட்டது.

"கௌசி, நீ குந்திக்கினு இருக்கறது இன்னா நம்பர் கவுண்டர்?"

"த்ரீ."

"தெலுங்குல த்ரீக்கு இன்னா சொல்வாங்க தெரியுமா உனக்கு?"

"எனக்கு எப்படிக்கா தெரியும்?"

தெலுங்கில் மூடு என்றால் மூன்று. சித்தூரில் பால் குடிக்கிற பிள்ளைக்குத் தெரியும். ஒகட்டி, ரெண்டு, மூடு. பதினோரு வருஷம் கங்கையா வாயால் ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்டிருக்கிறேன், கேட்டுக்கொண்டே பில் போட்டிருக்கிறேன். அன்றைக்கு கௌசிகா தமிழில் அழுதாள், நான் தமிழில் கேட்டேன், தமிழ் மூடு என்றே எடுத்துக்கொண்டேன். அதைத் தெலுங்காக்கி "கப்புகோ" என்று அவர் தலையில் போட்டேன். அந்த வார்த்தையை அவர் சொல்லவே இல்லை, அதனால் இல்லை என்றார். மூடு என்று அவர் சொன்னது நிஜம், அவள் ஆமாம் என்றாள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அந்த ஹாலிலேயே இரண்டு பாஷையும் தெரிந்து நடுவில் நின்றவள் நான் ஒருத்திதான்.

நான் சொல்லி முடித்ததும் கௌசிகா வெளுத்துப்போனாள். "நம்பரு சொன்னாராக்கா? வெறும் நம்பரா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். "நான் வேற ஒண்ணும் சேத்துச் சொல்லலியேக்கா. மூடுன்னாருன்னுதானே சொன்னேன்?"

சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பேரும் கேட்டுக்குப் போனோம். கங்கையா கழுத்தில் விசிலோடு வெயிலில் நின்றிருந்தார். ஏழு வாரத்தில் ஆள் கறுத்து, இளைத்து, பாதியாகிவிட்டிருந்தார். நாங்கள் வருவதைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். கௌசிகா காலில் விழப் போனாள். அவர் பதறி, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, நாலடி பின்னால் போய்விட்டார். பக்கத்தில் வரவே விடவில்லை. கையைத் தூக்கிக்கொண்டுதான் நின்றார், யார் பார்த்தாலும் தெரியட்டும் என்கிற மாதிரி.

நான் தெலுங்கில் எல்லாம் சொன்னேன். தமிழில் அந்த வார்த்தைக்கு இது அர்த்தம், இவள் அப்படி நினைத்துவிட்டாள், நான் விசாரிக்காமல் கத்திவிட்டேன் என்று. எங்கே அவர் என் மேல் காறித் துப்புவாரோ என்று நினைத்தேன். துப்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் மெதுவாகக் கேட்டார்: அப்படியென்றால் நான் பார்க்கவில்லையா அம்மா?

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும், ஆனால் நீங்கள் எல்லாரும் அத்தனை உறுதியாகச் சொன்னீர்கள். ஒருவேளை என் கண் என்னை அறியாமல் அந்தப் பிள்ளை மேலே போயிருக்குமோ, வாய் என்னை அறியாமல் ஏதாவது சொல்லியிருக்குமோ என்று ஏழு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்றார். சங்கராந்திக்கு மகள் வீட்டுக்குப் போகவில்லையாம். அங்கே வயசுக்கு வந்த பேத்தி இருக்கிறாள், எந்தக் கண்ணோடு போவேன் என்றார். இதை அவர் அழுதுகொண்டு சொல்லவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

நான் என்னவோ உளறினேன். மேனேஜரிடம் சொல்கிறேன், இன்றைக்கே உள்ளே வந்துவிடுங்கள், எழுதிக் கொடுக்கிறேன். அதற்கெல்லாம் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"எக்கட அரிச்சாவோ, அக்கடே செப்பம்மா."

எங்கே நின்று கத்தினாயோ, அங்கேயே நின்று சொல்.

மறுநாள் சனிக்கிழமை. கூட்டம் ஜாஸ்தி. பத்தரைக்கு கங்கையா கேட்டை விட்டு வந்து ஹால் கதவோரம் நின்றார், விசிலைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு. நான் கவுண்டரை விட்டு வெளியே வந்தேன். ஹாலைப் பார்த்தேன். அன்றைக்கு "சீ" என்றவள் இல்லை. மகளை இழுத்து உட்கார வைத்துக்கொண்டவள் இல்லை. அறுபது எழுபது பேரும் புது முகம். பாதிப் பேர் கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு மூடிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குக் கேட்டவர்கள் எல்லாம் கேட்டதை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்விட்டார்கள். அவர்களை நான் எங்கே போய்த் தேடுவேன்?

ஆனாலும் சொன்னேன். கங்கையா ஏழு வாரம் முன்னால் இதே இடத்தில் ஒரு பெண்ணைத் தப்பாகப் பேசினார் என்று நான் கத்தினேன், அது பொய், அவர் பேசவில்லை, தப்பு என்னுடையது. தெலுங்கில் சொன்னேன், தமிழிலும் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் பக்கத்து ஆளிடம் என்னவாம் என்று கேட்டார். பக்கத்து ஆள் சொன்னான், அந்தாள் ஏதோ பொம்பளைப் பிள்ளையிடம் தப்பாக நடந்துகொண்டானாம்.

கங்கையாவுக்கு அது கேட்டது. எனக்கும் கேட்டது.

"இல்லங்க! இல்ல! மூடுன்னாரு, மூடு! நம்பரு! ஒகட்டி, ரெண்டு, மூடு!" என்று கத்தினேன். எந்த பாஷை என்றே தெரியாமல் கத்தினேன். கௌசிகாவும் எழுந்துவிட்டாள். தன் கவுண்டர் கண்ணாடியில் ஒட்டியிருந்த மூன்றாம் நம்பரைத் தட்டித் தட்டிக் காட்டி, "இது, இது!" என்றாள்.

ஒரு நிமிஷம் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு தமிழ் தெரிந்த ஒருவருக்கு விளங்கியது. "ஓ, மூடா!" என்று அவர் தொடையைத் தட்டினார். பக்கத்தில் இருந்தவளுக்குச் சொன்னார். அவள் அடுத்தவளுக்குச் சொன்னாள். பெஞ்சு பெஞ்சாகச் சிரிப்பு போனது. கண்ணை மூடிக்கொண்டிருந்தவர்கள்கூட மூடியபடியே சிரித்தார்கள். மேனேஜர் சிரித்தார். அத்தனை நாள் நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கின மாதிரி எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வாய்விட்டுச் சிரித்தேன்.

அப்போதுதான் கங்கையா தலை நிமிர்ந்தார். சிரிக்கிற ஹாலை ஒரு தரம் பார்த்தார். பிறகு என்னை, சிரித்துக்கொண்டிருந்த என் வாயைப் பார்த்தார். விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மேனேஜர் இரண்டு தடவை ஆள் அனுப்பினார். ஹால் வேலைக்கு கங்கையா திரும்பி வரவில்லை. நான் தினமும் அந்த கேட் வழியாகத்தான் உள்ளே போகிறேன். "நமஸ்தே அன்னா" என்கிறேன். அவரும் கை எடுத்துக் கும்பிடுகிறார், தரையைப் பார்த்தபடி.